பெரிகார்டியெக்டமி: இதயவுறை நீக்கம்

பெரிகார்டியெக்டமி மூன்று கிரேக்கக் கூறுகள் சேர்ந்த சொல். ‘பெரி’ என்றால் சுற்றி, ‘கார்டியா’ இதயம், ‘எக்டோமே’ வெட்டி எடுத்தல். நேரான தமிழ்: இதயவுறை நீக்கம். ‘இதயவுறை அறுவை’ என்று எழுதுவது போதாது. உறையைக் கீறித் திறப்பதும் (பெரிகார்டியாட்டமி) அறுவைதான். ஊசியால் நீர் வடிப்பது (பெரிகார்டியோசென்டெசிஸ்) வேறொன்று. இறுக்க இதயவுறை அழற்சிக்கு, அதாவது உறை தழும்பாகி இதயத்தை இறுக்கும் நோய்க்கு, இந்த இரண்டும் தீர்வாகா. உறையை எடுத்தாக வேண்டும்.

இயல்பான உறை 1 முதல் 2 மி.மீ. தடிமன் கொண்டது. காசநோய், மார்பில் கதிர்வீச்சு, முன்பு நடந்த இதய அறுவை, வைரஸ் அழற்சி ஆகியவற்றால் அது தழும்பாகி, சிலருக்குச் சுண்ணாம்பும் படிந்து ஓடாகிவிடும். ஜெர்மன் மருத்துவர்கள் இதைப் ‘பான்சர்ஹெர்ட்ஸ்’, அதாவது கவச இதயம் என்றார்கள். இதயம் சுருங்குகிறது, ஆனால் விரிந்து நிரம்ப இடமில்லை. கழுத்துச் சிரை புடைக்கும், வயிற்றில் நீர் கோக்கும், கால் வீங்கும். கல்லீரல் நோய் என்று தவறாகக் கருதி மாதக்கணக்கில் மருந்து கொடுப்பதும் உண்டு. ஸ்கேனில் தடிமன் இயல்பாகத் தெரிந்தாலும் இறுக்கம் இல்லை என்று தள்ளிவிட முடியாது.

உறையை எடுக்கலாம் என்று பிரெஞ்சு அறுவை மருத்துவர் டெலோர்ம் 1898-இல் முன்மொழிந்தார். 1913-இல் ரேன், சாவர்புருக் ஆகிய ஜெர்மன் மருத்துவர்கள் அதைச் செய்துகாட்டினார்கள்.

பெரும்பாலும் மார்பெலும்பைப் பிளந்தே உள்ளே போகிறார்கள். இடது வென்ட்ரிக்கிளை (இதயத்தின் கீழறை) முதலில் விடுவிப்பது பழைய விதி. வலப்பக்கம் முதலில் விடுபட்டால், அது தள்ளும் ரத்தத்தை இறுகிய இடப்பக்கம் ஏற்க முடியாமல் நுரையீரலில் நீர் தேங்கும். முன்புற உறையை உதரவிதானத்தை (மூச்சை இயக்கும் தசை) இயக்கும் இருபுற நரம்புகள் வரையிலும், கீழே உதரவிதானத்தை ஒட்டிய பகுதியையும் எடுப்பார்கள். அந்த நரம்பு அறுபட்டால் உதரவிதானம் செயலிழக்கும், மூச்சு திணறும். தசைக்குள் புதைந்த சுண்ணத்தைப் பிடுங்கினால் இதயச் சுவரோ கரோனரித் தமனியோ கிழியும். அத்தகைய திட்டுகளை விட்டுவிடுவதே புத்திசாலித்தனம். உள்ளே இதயத்தோடு ஒட்டிய அடுக்கும் தடித்திருந்தால், அதைக் கட்டம் கட்டமாகக் கீறித் தளர்த்துவார்கள்.

நீண்டகால இறுக்கத்தில் தசை மெலிந்திருக்கும். அதனால் தடை நீங்கிய பிறகும் இதயம் வெளியேற்றும் ரத்தம் சில நாள் குறைவாகவே இருக்கலாம். கதிர்வீச்சால் வந்த நோயில் தசையே பழுதாகியிருப்பதால் பலன் குறைவு.

அறுவை அறிக்கையில் ‘நீக்கம்’ என்று மட்டும் இருந்தால், பகுதி நீக்கமா, முழு நீக்கமா என்று கேட்க வேண்டும். இறுக்கம் திரும்ப வருவதற்கு, பக்கவாட்டிலும் அடியிலும் எடுக்காமல் விட்ட உறை ஒரு முக்கியக் காரணம்.