மைக்ரோ பைனான்ஸ்: நுண்நிதியா, நுண்கடனா?

குழுவாகச் சேர்ந்து வாங்கிய சிறு கடனுக்கு வாரா வாரம் டியூ கட்டும் பெண்களைக் கேட்டால் 'குழு லோன்' என்பார்கள். தமிழ்நாட்டு நாளிதழ்கள் பெரும்பாலும் 'மைக்ரோ பைனான்ஸ்' என்றே எழுதிவிடுகின்றன. இலங்கைத் தமிழ் ஏடுகளில் 'நுண்கடன்' நன்றாகவே புழங்குகிறது. பாடநூல் நடையில் 'நுண்நிதி'. இதில் எது சரி?

'மைக்ரோ' கிரேக்கச் சொல். சிறியது என்று பொருள். 'பைனான்ஸ்' கதைதான் சுவையானது. முடிவைக் குறிக்கும் 'ஃபீனிஸ்' என்ற லத்தீன் வேரிலிருந்து வந்தது. பழைய பிரெஞ்சில், கடனை அடைத்துக் கணக்கு முடிப்பதுதான் அதன் பொருள். பண நிர்வாகம் என்ற பொருள் பின்னால் ஏறியது. பழைய குழு லோனை அடைக்கப் புதிய குழு லோன் எடுப்பவர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள்.

1976இல் வங்கதேசத்தின் ஜோப்ரா கிராமத்தில் பொருளியல் பேராசிரியராக இருந்த முகமது யூனுஸ் 42 பேருக்கு மொத்தம் 27 டாலர் அளவுக்குக் கைப்பணத்தைக் கடனாகக் கொடுத்தார். அடமானம் இல்லை. அந்த முயற்சி 1983இல் அரசாணைச் சட்டத்தால் கிராமீன் வங்கியானது. தனிமனிதர் தொடங்கியதற்கு அரசு சட்ட உருவம் தந்தது என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். இந்தியாவில் அரசுத் தரப்பே முந்திக்கொண்டது: 1992இல் ஊரக வளர்ச்சிக்கான தேசிய வங்கியான நபார்டு சுய உதவிக் குழுக்களை வங்கிகளோடு இணைத்தது. லாப நோக்குள்ள கம்பெனிகள் பெருகியது அதற்குப் பிறகு. ஒருத்தி கட்டாவிட்டால் குழுவே கட்ட வேண்டும் என்ற ஏற்பாடு அடமானத்தின் இடத்தைப் பிடித்தது. வறுமை ஒழிப்பு, வசூல் தொழிலாகவும் ஆனது. 2010இல் ஆந்திராவில் தற்கொலைச் செய்திகள் வரிசையாக வர, மாநில அரசு அவசரச் சட்டம் போட்டு வசூலைக் கட்டுப்படுத்தியது. 2022 விதிகளில் ரிசர்வ் வங்கி ஓர் இலக்கணமும் வகுத்தது: ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்கு மிகாத குடும்பத்துக்கு அடமானமின்றித் தரும் கடன்.

இனி தமிழுக்கு வருவோம். 'நிதி' வடசொல், சேர்த்துவைத்த செல்வம் என்பது அதன் பொருள். சேமிப்பு, காப்பீடு, கடன் மூன்றும் சேர்ந்த ஏற்பாட்டுக்கு 'நுண்நிதி' பொருந்தும். கடன் மட்டும் கொடுக்கும் இடத்தில் 'நுண்கடன்' என்று எழுதுவதே நேர்மை. 'கடன்' பழந்தமிழில் கடமையையும் குறிக்கும். காலைக்கடன் என்பதில் அது இன்னும் உயிரோடிருக்கிறது.

'குறுங்கடன்' என்றும் சிலர் எழுதுகிறார்கள். 'குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள்' என்று அரசே மைக்ரோவைக் 'குறு' ஆக்கியிருப்பதால் அதிலும் நியாயம் உண்டு. ஆனால் காதில் விழும்போது குறுகிய காலக் கடன் போல ஒலிக்கிறது. என் ஓட்டு நுண்கடனுக்கே. பேச்சில் குழு லோன், 'குழுக் கடன்' ஆனாலும் எனக்குச் சம்மதம்தான்.