தேதியை முதல்ல பூட்டுங்க, பசங்க வருவாங்க

சென்னைல ஆப்டிமிஸ்ட் (சின்னப் பசங்க தனியா ஓட்டுற குட்டிப் படகு), ஐஎல்சிஏ (அதுக்கு அடுத்து ஓட்டுற பெரிய படகு) கிளாஸ் பசங்களுக்குப் பாய்மரப் படகு ரேஸ் நடத்துற வேலைல இருக்கேன். ஒவ்வொரு சீசன் ஆரம்பத்துலயும் புதுசா கிளாஸ் செகரட்டரி (ஒரு படகு வகைக்கான ரேஸ் வேலையைப் பாக்குறவர்) ஆனவங்க கிட்ட இருந்து வர்ற புலம்பல் ஒண்ணுதான், "வர்றேன்னு சொன்னவங்க எல்லாம் கடைசி வாரத்துல கைய விரிக்கிறாங்க, என்ன பண்றதுன்னே தெரியல". பசங்களுக்கு ஆர்வம் இல்ல, பேரன்ட்ஸுக்கு சீரியஸ்னஸ் இல்லன்னு ஈஸியா சொல்லிடலாம். ஆனா நான் பாத்த வரைக்கும் பெரும்பாலும் கோளாறு நம்ம காலண்டர்ல தான் இருக்கு.

முதல்ல காத்து. நம்ம நாட்டுல ரேஸ் காலண்டரைப் பாதி எழுதுறதே மான்சூன் தான். ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் மும்பைல சின்னப் போட்டை இறக்க முடியாது, அதே நேரம் ஹைதராபாத் ஹுசைன் சாகர்ல காத்து நல்லா பிடிக்கும், அதனாலதான் ஜூலைல அங்க ரெகாட்டா (பல ரேஸ் சேர்ந்த படகுப் போட்டி) வைக்கிறாங்க. சென்னைல கோடைல மதியத்துக்கு மேல கடல்காத்து ஏறும், ஜூன் ஜூலைல மேற்குக் காத்து காலைல பலமா அடிச்சுட்டு மதியம் திரும்புற நேரத்துல ரேஸ் ஆபீசர் கோர்ஸையே (படகுங்க சுத்தி வர்ற பாதையை) மாத்திப் போட வேண்டி வரும், அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் மழை, புயல் பயம். 2023 டிசம்பர் முதல் வாரத்துல மிச்சாங் புயல் வந்து ஊரே தண்ணில நின்னுச்சு. அந்த மாசத்துல வச்ச ரேஸை நம்பி யார் டிக்கெட் போடுவாங்க?

காத்துக்கு அடுத்தது எக்ஸாம். பிப்ரவரி பாதில சிபிஎஸ்இ போர்டு எக்ஸாம் ஆரம்பிச்சுடும், மார்ச்ல நம்ம பிளஸ் டூ, செப்டம்பர்ல காலாண்டு, டிசம்பர்ல அரையாண்டு. இதோட நேஷனல்ஸ், ரேங்க்கிங் ஈவென்ட்ஸ், போட் லாரில ஏறி ஹைதராபாத் போய்த் திரும்பி வர்ற நாள் எல்லாத்தையும் சுவர்ல ஒரு பெரிய சார்ட்ல குறிச்சுப் பாருங்க, மிச்சம் இருக்குற வீக்எண்ட் ரொம்பக் கம்மி. லாரி வந்து சேர்ற மறுநாளே லோக்கல் ரேஸ் வச்சா போட் கவர் கூடப் பிரிச்சிருக்காது, மாஸ்ட் (பாய்மரக் கம்பம்) ஒரு பக்கம், ரட்டர் (சுக்கான்) ஒரு பக்கம் கிடக்கும்.

அடுத்து, வாட்ஸ்அப் குரூப்ல "எல்லாருக்கும் எந்த வாரம் வசதி"ன்னு தயவுசெஞ்சு கேக்காதீங்க. முப்பது பேர் முப்பது தேதி சொல்லுவாங்க, நீங்க ஒண்ணு எடுப்பீங்க, அது ஒத்துவராத வீட்டுல எல்லாம் நம்மள ஒதுக்கிட்டாங்கன்னு நினைப்பாங்க. மேல சொன்ன சார்ட்டை வச்சு நீங்களே முடிவு பண்ணி, வருஷத்துக்கான தேதி எல்லாத்தையும் ஒரே தடவைல வெளியிடுங்க. அப்புறம் அதை நகத்தாதீங்க. ஒரு ஸ்டார் செய்லருக்காக ஒரு தடவை தேதி மாத்தினா, அடுத்த தடவை மத்தவங்க கடைசி நிமிஷம் வரைக்கும் "மாத்தினாலும் மாத்துவாங்க"ன்னு காத்திருப்பாங்க, டிக்கெட்டும் போட மாட்டாங்க, மாமா வீட்டு விசேஷத்துக்கும் இல்லன்னு சொல்ல மாட்டாங்க.

குரூப்ல தம்ஸ் அப் போட்டது என்ட்ரி ஆகாது, ஃபீஸ் கட்டினாதான் என்ட்ரி. நோட்டீஸ் ஆஃப் ரேஸ்ல (ரேஸ் விவரம், விதி எல்லாம் சொல்ற அறிவிப்பு) முன்கூட்டி கட்டுறவங்களுக்கு ஒரு ஃபீஸ், லேட்டா வர்றவங்களுக்குக் கூடுதல் ஃபீஸ்னு தெளிவா போடுங்க, சார்ட்டர் போட் (வாடகை போட்) கேக்குறவங்க கிட்ட டெபாசிட் வாங்கிடுங்க. ஏன்னு பேரன்ட்ஸுக்குப் புரிய வைக்கணும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாங்க உக்காந்து பாக்குறது இதுதான்: எத்தனை போட், அதுக்கு எத்தனை ரெஸ்க்யூ போட், ஓட்ட யாரு, எவ்வளவு பெட்ரோல், எத்தனை சாப்பாடு, ஹார்பருக்குள்ள போக பர்மிஷன் லிஸ்ட்ல யார் யார் பேரு. இருபது பேர்னு ஏற்பாடு பண்ணி பத்து பேர் வந்தா காசு வீணாகும், போகட்டும். பத்துன்னு நினைச்சு இருபது பேர் வந்தா தண்ணில குழந்தைங்களைப் பாத்துக்க ஆள் பத்தாது, அதுதான் எனக்குத் தூக்கம் கெடுக்குற விஷயம்.

குரூப்ல மெசேஜ் போட்டதோட நிறுத்தாம ஒவ்வொரு வீட்டுக்கும் போன் பண்ணுங்க. "அக்கா, உங்க பொண்ணு வர்றாளா, அவ கூட ட்ரெய்னிங் பண்ற மூணு பேரும் ஃபீஸ் கட்டிட்டாங்க"ன்னு சொன்னா அந்த அம்மா அன்னைக்கே முடிவு சொல்லிடுவாங்க. என்ட்ரி லிஸ்ட்டை வாராவாரம் பேரோட குரூப்ல போடுங்க, பசங்க ஃப்ரெண்ட் பேரைத்தான் தேடுவாங்க.

இன்னொண்ணு, ஒரே ஒரு பெரிய ரெகாட்டாவை விட மாசம் ஒரு ஸ்டேஜ்னு சீரீஸா வைக்கிறது நல்லது, ஏன்னா ஸ்கோரிங்கே ஆளை இழுத்துட்டு வரும். லோ பாயின்ட் முறைல முதல் இடத்துக்கு 1 பாயின்ட், ரெண்டாவதுக்கு 2, கம்மியா வாங்கினவங்க ஜெயிப்பாங்க. வராதவங்களுக்கு மொத்த என்ட்ரியோட ஒண்ணு கூட்டிப் போடுவோம், 20 போட் சீரீஸ்ல வராத ஒவ்வொரு ரேஸுக்கும் 21. நோட்டீஸ்ல எதுவும் மாத்தாம விட்டா விதிப்படி மொத்த பாயின்ட்ல இருந்து ஒரு மோசமான ரேஸைத்தான் கழிக்கலாம், எக்ஸாமுக்காக ஒரு ஸ்டேஜ் விட்ட பையன் அப்பவே சீரீஸ்ல இருந்து மனசளவுல வெளிய போயிடுவான். அதனால 12 ரேஸ்ல 3 கழிக்கலாம்னு மாத்தி எழுதுங்க, ஒரு ஸ்டேஜுக்கு 3 ரேஸ்னா கணக்கு சரியா வரும். அதுக்கு மேல தாராளம் காட்டினா லீட்ல இருக்குறவங்க கடைசி ஸ்டேஜுக்கு வீட்டுலயே இருந்துடுவாங்க.

நடுவுல, பின்னால வர்ற பசங்களை மறந்துடாதீங்க. ஆப்டிமிஸ்ட் வேர்ல்ட்ஸுக்கு ஒரு நாட்டுல இருந்து 5 பேர்தான் போக முடியும், அதை மட்டுமே பேசிட்டிருந்தா மத்தவங்களுக்கு வர்றதுக்குக் காரணமே இருக்காது. முதல் வருஷப் பசங்களுக்குத் தனி ப்ரைஸ், பொண்ணுங்களுக்குத் தனி ப்ரைஸ், 12 வயசுக்குக் கீழ தனி ப்ரைஸ். நேத்ரா குமணன் சென்னைல சம்மர் கேம்ப்ல ஆரம்பிச்சவங்கதான், 2021-ல ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் செய்லர் ஆனாங்க. மே மாச கேம்ப் முடிஞ்ச பசங்களுக்கு ஜூன்லயே ஒரு குட்டி ரேஸ் காலண்டர்ல இல்லன்னா ஸ்கூல் தொறந்ததும் அவங்க தண்ணிப் பக்கமே வர மாட்டாங்க.

வர்றேன்னு சொன்னதுக்காக அன்னைக்குப் பயமுறுத்துற காத்துல ஒரு குழந்தையை இறக்கச் சொல்ல நமக்கு உரிமை இல்ல. ரேஸ் பண்றதா வேணாமான்ற முடிவு அந்தந்த போட்டோடதுதான்னு ரூல் புக்லயே இருக்கு. அதைப் பேரன்ட்ஸ் மீட்டிங்ல வாய்விட்டுச் சொல்லுங்க.

கடைசியா, அதிகமா ஆள் போற இடம் 15 வயசு. அந்த வருஷத்தோட ஆப்டிமிஸ்ட் முடியுது, பலருக்கு அதே சமயம்தான் பத்தாவது. புது போட் வாங்கணும், எக்ஸாம் வேற, அப்படியே நின்னுடுவாங்க. போர்டு எக்ஸாம் முடிஞ்ச அடுத்த வீக்எண்ட், கிளப் போட்லயே ஐஎல்சிஏ 4 (ஐஎல்சிஏல சின்னப் பாய் உள்ள வகை) ஓட்டிப் பாக்க ஒரு நாளை இப்பவே காலண்டர்ல போட்டு, எக்ஸாமுக்கு முன்னாடியே அவங்க பேரை லிஸ்ட்ல ஏத்திடுங்க.