அற்றோணி என்றால் யார்?

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் கீழ்வீட்டு அன்ரி போன மாதம் ஒரு கடதாசியோடு மேலே வந்தா. ரொறன்ரோவில் இருக்கும் மகன் அனுப்பிய அற்றோணித் தத்துவம், ஆங்கிலத்தில் 'பவர் ஒஃப் அற்றோணி'. இங்குள்ள தன் வீட்டை விற்கத் தாய்க்கு அதிகாரம் கொடுத்து, அவவையே அற்றோணி என்று எழுதியிருந்தார்.

"தம்பி, சட்டம் படிக்காத நான் எப்பிடி அற்றோணி ஆகிறது? பிழையா எழுதிப்போட்டினமோ?"

பிழையே இல்லை. அந்தச் சொல்லுக்குள் சட்டம் கிடையாது. பழைய பிரெஞ்சில் 'அத்தோர்னே' என்றால் நியமிக்கப்பட்டவர். தன் காரியத்தைப் பார்க்கும்படி ஒருவர் யாரை அமர்த்துகிறாரோ அவர். வழக்குக்கு அமர்த்தினால் சட்டம் படித்தவர் வேண்டும், வீடு விற்க அம்மாவே போதும். வழக்குக்கு அமர்த்தப்படுபவரை ஆங்கிலம் 'அற்றோணி அற் லோ' என்று பிரித்துச் சொல்கிறது. அவர்தான் நம் சட்டத்தரணி.

இலங்கையில் அந்தப் பட்டம் புதியது. 1973ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க நீதி நிருவாகச் சட்டம் வரும்வரை இங்கே இரு வகுப்பார் இருந்தனர். கட்சிக்காரரைக் கண்டு கடதாசி வேலை பார்ப்பவர் பிரக்கிராசி. உயர் நீதிமன்றத்தில் எழுந்து வாதாடுபவர் அப்புக்காத்து. இரண்டும் ஒன்றாகிச் சட்டத்தரணி ஆனது. அப்புக்காத்து ஒல்லாந்தரின் 'அட்வோகாட்'. லத்தீன் வேரில் துணைக்கு அழைக்கப்பட்டவர். பிரக்கிராசியின் லத்தீன் வேரிலோ பிறருக்காகக் கவனிப்பவர். கொழும்பின் நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் வழக்குக்கு முன் கையெழுத்து வாங்கும் 'புரொக்சி'யும் அதே வேர்தான். தமிழ்நாட்டு வக்கீலின் அரபு மூலத்துக்கும் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டவர் என்றே பொருள். எனக்கு இது பெரிய வியப்பு: பல மொழிகள், ஒரே எண்ணம்.

இதைச் சொன்னதும் அன்ரி கண்ணாடியைக் கழற்றினா. "அப்ப நான் அவனுக்குப் பதிலாக் கையெழுத்து வைக்கிற ஆள்."

பதிலாள். இதைவிட நல்ல தமிழ் எனக்குத் தெரியவில்லை. நீதிமன்றத்தில் நிற்பவரைச் சட்டத்தரணி என்போம், பத்திரத்தில் வருபவரைப் பதிலாள் என்போம். சில மொழிபெயர்ப்புகளில் 'சட்டத்தரணித் தத்துவம்' என்று கண்டிருக்கிறேன். அது தவறு, வாசிக்கும் தாய்மாரை வீணாகப் பயப்படுத்தும்.