தோட்டம் போடும் வண்டு

சரக்கு அடுக்கும் மரத்தட்டான பேலட்டில் குண்டூசி குத்தியது போன்ற துளைகளைக் கண்ட சிங்கப்பூர் துவாஸ் கிடங்கு ஊழியர் ஒருவர் கேட்கிறார்: உள்ளே பூச்சி உயிரோடு இருக்குமா? கோதுமைக் கதிர் முத்திரையும் "ஹெச்.டி." எழுத்துகளும் எதற்கு?

ஹெச்.டி. என்றால் ஹீட் டிரீட்மென்ட், அதாவது சூடேற்றுதல். மரத்தின் நடுப்பகுதிவரை 56 டிகிரி செல்சியஸ் சூட்டில் 30 நிமிடம் வைத்தார்கள் என்பதற்கு அது அடையாளம். துளை அப்படியே இருக்கும். அப்போது உள்ளே இருந்த பூச்சி செத்திருக்கும். முத்திரை இல்லாத பேலட்டைக் கண்டால் உடனே மேலாளரிடம் சொல்லவேண்டும்.

பேலட்டைச் சூடேற்றச் சொல்லும் இந்த விதியின் அருமையை உணர்த்துகிறது 2 மில்லிமீட்டர் நீளமே உள்ள ஒரு கறுப்பு வண்டு. யூவாலேசியா ஃபோர்னிகேட்டஸ் என்பது அதன் பெயர். தாயகம் நம் ஆசியப் பகுதி. கலிஃபோர்னியா, தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியாவின் பெர்த் என்று பரவிவிட்டது. கலிஃபோர்னியாவின் கருவாலி (ஓக்) மரங்களும், தென்னாப்பிரிக்கத் தெருக்களில் நிற்கும் ஆங்கிலக் கருவாலியும் அதற்கு இரையாகின்றன.

உண்மையில் இந்த வண்டு மரத்தைத் தின்பதே இல்லை. பெண் வண்டின் வாயருகே இரண்டு நுண்ணிய பைகள் உண்டு. அவற்றில் ஃபியூசேரியம் என்ற பூஞ்சையின் வித்துகளைச் சுமந்து வருகிறது. மரத்தைக் குடைந்து, சுரங்கச் சுவரில் அந்த வித்தை விதைக்கிறது. விதைநெல்லோடு வந்து இறங்கும் குடியானவள் போலத்தான். பூஞ்சை வளர்ந்ததும் தாயும் புழுக்களும் அதையே உண்ணும். வளர்ந்த மகள்கள் பையை நிரப்பிக்கொண்டு அடுத்த மரத்துக்குக் கிளம்பும்.

துணை தேடவும் அவை வெளியே போகவேண்டியதில்லை. கருவுறாத முட்டையிலிருந்து ஆண், கருவுற்றதிலிருந்து பெண். பறக்கத் தெரியாத ஆண், பிறந்த சுரங்கத்திலேயே சகோதரிகளோடு கூடும். இணை சேராத தாய்கூட முதலில் மகனைப் பெற்று, அவனோடு கூடி மகள்களைப் பெறமுடியும். ஒரே ஒரு பெண் கப்பலேறினால் போதும், ஒரு நாட்டுக்கே ஆபத்து.

மரத்தைக் கொல்வது அந்தப் பூஞ்சைதான். நீர் ஏறும் குழாய்களை அது அடைத்துவிட, கிளைகள் நுனியிலிருந்து காய்கின்றன. வண்டு மரத்தைத் தின்னாததால் மரத்துக்குள் செலுத்தும் பூச்சிமருந்தும் முழுப் பலன் தருவதில்லை. வெட்டிய கட்டையிலும் ஈரம் உள்ளவரை வண்டின் பூஞ்சைத் தோட்டம் நடக்கும். அதனால் 2.5 சென்டிமீட்டருக்கும் சிறிய சில்லுகளாக அரைக்கவேண்டும். பெரிய கட்டை என்றால் கடும் கோடையில் ஒளிபுகும் பிளாஸ்டிக்கால் மூடி, குறைந்தது 6 வாரம் வெயிலில் விடவேண்டும். கறுப்பு பிளாஸ்டிக் வெயிலை உள்ளே விடாது. பலர் செய்யும் தவறு, அந்தக் கட்டையை விறகாக வேறு ஊருக்கு ஏற்றிச்செல்வது.

2003இல் கலிஃபோர்னியாவில் சிக்கியபோது இந்த வண்டைத் தேயிலைத் துளைவண்டு என்றே பதிவுசெய்தார்கள். வேறு இனம் என்று மரபணு ஆய்வு காட்டியது 2012 வாக்கில்தான். பூச்சிகளை இனம்பிரித்து அறியும் வகைப்பாட்டியலாளர்களுக்கு நிதி ஒதுக்கத் தயங்குவது பெரும் பிழை என்பது என் உறுதியான கருத்து.

புக்கித் தீமா காட்டிலும் கருவாலிக் குடும்பத்து மரங்கள் உண்டு; மலாய் மொழியில் மெம்பெனிங் என்பார்கள். உள்ளூர் மரங்கள் இந்த வண்டோடு நெடுங்காலம் பழகியவை. ஆனால் எதிர்த்திசையில் வந்த வண்டு நம்மையும் விடவில்லை. வேங்கைக்கு உறவான நம் சாலையோர அங்சானா மரங்களை வாடல் நோய் வாட்டியபோது, அவற்றைக் குடைந்துகொண்டிருந்தது அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்த இன்னொரு துளைவண்டு. அந்த நோய்க்குக் காரணமும் ஒரு ஃபியூசேரியம்தான்.