எதற்காகக் கைது? தமிழில் எழுதிக் கேளுங்கள்

இரவு பத்தே முக்கால் இருக்கும். குற்றவியல் நடுவரின் வீட்டு வாசலில் போலீஸ் வேன் நின்றது. உள்ளே இருபத்திரண்டு வயதுப் பையன். வெளியே துணிப்பையை மார்போடு அணைத்தபடி அவன் அம்மா. "என் பிள்ளையை எதற்குப் பிடித்தார்கள் என்று மட்டுமாவது கேட்டுச் சொல்லுங்கள் ஐயா" என்றார். காலை எட்டு மணிக்கு "சும்மா விசாரணைதான்" என்று சொல்லி வீட்டிலிருந்து அழைத்துப் போயிருக்கிறார்கள்.

வழக்கறிஞர் என்ற முறையில் பையனிடம் பேசினேன். தெருவில் நடந்த சண்டையை விலக்கப் போனதாகச் சொன்னான். "ஸ்டேஷனில் நாலைந்து தாளில் கையெழுத்து வாங்கினார்கள் சார்." படித்துப் பார்த்தாயா என்றேன். "எல்லாம் இங்கிலீஷில் இருந்தது."

அதில் ஒரு தாளை நான் பார்த்தேன். கணினியில் ஏற்கனவே தயாராக இருக்கும் படிவம். பெயரையும் பிரிவுகளையும் மட்டும் பேனாவால் நிரப்பியிருந்தார்கள். புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 296(பி), 118(1), 351(3): ஆபாசமாகத் திட்டியது, ஆயுதத்தால் காயப்படுத்தியது, கொலை மிரட்டல் விட்டது. அதன் கீழே, "கைதுக்கான காரணங்கள் எனக்குத் தெரிவிக்கப்பட்டன" என்று ஒரு வரி. அதற்கும் கீழே பையனின் கையெழுத்து. காரணம் தெரிவிக்கப்பட்டதாகச் சொல்லும் அந்தத் தாளில் காரணம் எங்குமே இல்லை.

பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 294(பி), 324, 506(2) என்று நம் ஊர் நீதிமன்றங்களில் அன்றாடம் காதில் விழுந்த அதே பிரிவுகள்தான் இவை. 2024 ஜூலை 1 முதல் எண்கள் மாறிவிட்டன. படிவம் நிரப்பும் பழக்கம் மாறவில்லை.

கைது செய்யப்படுபவருக்கு அதற்கான காரணத்தைச் சொல்லியாக வேண்டும் என்பது அரசியல் சட்டத்தின் 22(1)ஆவது பிரிவு. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 47ஆவது பிரிவும் அதையே சொல்கிறது. ஆனால் வாயால் சொன்னால் போதுமா, எழுதித் தர வேண்டுமா என்பதில் நீண்ட காலம் தெளிவில்லை. வாயால் சொன்னோம் என்று காவலர் சொல்வார், சொல்லவில்லை என்று கைதானவர் சொல்வார். எது உண்மை என்று நடுவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? 2023 அக்டோபரில் பங்கஜ் பன்சல் வழக்கில், அமலாக்கத் துறை கைது செய்யும்போது காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024 மே மாதம் பிரபீர் புர்காயஸ்தா வழக்கில் அது உபா எனப்படும் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டக் கைதுகளுக்கும் விரிந்தது. 2025 பிப்ரவரியில் வந்த விஹான் குமார் தீர்ப்பு, காரணத்தைத் தெரிவித்ததாக நிரூபிக்கும் பொறுப்பு காவல் துறையினுடையது என்றது. அந்த வழக்கில் கைதானவரை மருத்துவமனைக் கட்டிலோடு விலங்கிட்டுச் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்தார்கள். அதையும் நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்தது.

இவற்றையெல்லாம் விட சாதாரண மக்களுக்குப் பெரிதும் உதவுவது 2025 நவம்பர் 6 அன்று வந்த மிஹிர் ராஜேஷ் ஷா தீர்ப்பு. எந்தச் சட்டத்தின் கீழ் கைது செய்தாலும் காரணத்தை எழுத்தில், கைதானவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும். சம்பவ இடத்திலேயே கைது செய்ய நேர்ந்து உடனே எழுதித் தர முடியாவிட்டால், அப்போது வாயால் சொல்லலாம். ஆனால் ரிமாண்டுக்காக, அதாவது காவலில் வைக்க உத்தரவு கேட்டு, நடுவர்முன் நிறுத்துவதற்கு இரண்டு மணி நேரத்துக்கு முன்பாவது எழுத்தில் கையில் கொடுத்துவிட வேண்டும். வழக்கறிஞர் அதைப் படித்து, ரிமாண்டை எதிர்க்கத் தயாராவதற்குத்தான் அந்த இரண்டு மணி நேரம். இல்லையென்றால் அந்தக் கைதும் ரிமாண்டும் சட்டவிரோதம்.

காரணம் என்றால் என்ன என்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். "சாட்சிகளைக் கலைக்கக்கூடும்", "தலைமறைவாகக்கூடும்" என்பவை யாருக்கும் பொருந்தும் பொது வாசகங்கள். அவை போதாது என்று புர்காயஸ்தா தீர்ப்பு விளக்கியிருக்கிறது. இந்த நாளில், இந்த இடத்தில், இன்னாரை இன்ன பொருளால் நீ தாக்கியதாகப் புகார் இருக்கிறது என்று அந்த ஒரு மனிதனைப் பற்றிய விவரம் வேண்டும். பிரிவு எண்களின் பட்டியல் காரணம் ஆகாது.

ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 2025 ஆகஸ்டில் கர்நாடகக் கொலை வழக்கு ஒன்றில், எழுத்தில் தராதது மட்டுமே ஜாமீனுக்குப் போதாது, அதனால் பாதிப்பு ஏற்பட்டதைக் காட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே சொன்னது. அரசுத் தரப்பு இதை எடுத்து வைக்கும். மேலும், இந்தக் குறையால் ஒருவர் வெளியே வந்தால் வழக்கு முடிந்துவிடாது. காரணத்தை எழுதிக் கொடுத்துவிட்டுக் காவல் துறை மறுபடி ரிமாண்ட் கேட்கலாம். "கேஸே உடைந்துவிடும்" என்று ஆசை காட்டிப் பணம் கேட்பவர்களை நம்ப வேண்டாம்.

காரணத்தை எழுத்தில் தரவில்லை என்ற ஆட்சேபத்தை ரிமாண்ட் நேரத்திலேயே சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வழக்கில் நான் அதை ஜாமீன் மனுவில்தான் எழுப்பினேன். "முதல் நாளே ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டார் நீதிபதி. என்னிடம் பதில் இல்லை. அந்த மனிதர் மேலும் பதினேழு நாள் சிறையில் இருந்தார். அதை நான் இன்னும் மறக்கவில்லை.

ஆகவே வீட்டில் யாரையாவது அழைத்துப் போனால் உடனே பின்னாலேயே நிலையத்துக்குப் போங்கள். கைதா, விசாரணையா என்று கேளுங்கள். கைது என்றால், தமிழில் எழுதிய காரணத்தின் நகலைக் கேளுங்கள். உறவினர் ஒருவருக்குத் தகவல் தர வேண்டியது அவர்கள் கடமை (புதிய நடைமுறைச் சட்டத்தின் 48ஆவது பிரிவு). கைதானவர் எதிலாவது கையெழுத்திடும்போது தேதியோடு மணியையும் தன் கையாலேயே எழுதட்டும். இரண்டு மணி நேரக் கணக்குக்கு அதுவே சாட்சி. வழக்கறிஞர் வைக்க வசதியில்லை என்றால் சட்ட உதவி எண்ணான 15100க்கு அழையுங்கள். காவலில் இருக்கும் எவருக்கும், வருமானம் பார்க்காமல், இலவச சட்ட உதவி உண்டு. அது தர்மம் அல்ல, 1987ஆம் ஆண்டுச் சட்டம் தந்த உரிமை.

அன்று இரவு நடுவர் பையனை அருகில் அழைத்தார். அடித்தார்களா என்று வழக்கம்போல் கேட்டார். இல்லை என்றான். "உன்னை எதற்காகக் கைது செய்தார்கள் என்று தெரியுமா?" என்று அடுத்து கேட்டார். "தெரியாதும்மா" என்றான். அந்தத் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, உதவி ஆய்வாளரிடம், "இதில் காரணம் எங்கே இருக்கிறது?" என்றார். அவரால் காட்ட முடியவில்லை. ஏழாண்டுக்கு மேல் தண்டனை இல்லாத பிரிவுகளுக்கு அழைப்பாணை தராமல் நேரே கைது செய்தது ஏன் என்பதற்கும் பதில் இல்லை. ரிமாண்ட் மறுக்கப்பட்டது. எல்லா இரவும் இப்படி முடிவதில்லை.

மூன்றாம் நாள், அதே நடைமுறைச் சட்டத்தின் 35(3) பிரிவின்படி, விசாரணைக்கு வரச் சொல்லி அழைப்பாணை அவன் வீட்டுக்கு வந்தது. சண்டை நடந்த நாள், தெருவின் பெயர், அவன் மீதான குற்றச்சாட்டு எல்லாம் தமிழில் இருந்தன. அவன் அம்மா அதை என் அலுவலகத்துக்குக் கொண்டு வந்து, எழுத்துக் கூட்டி, முழுவதையும் தானே படித்தார். விசாரணைக்குச் சொன்ன நேரத்துக்குப் பையன் போய் வந்துகொண்டிருக்கிறான்.