கெட்ட ரத்தம் என்று சொல்லாதீர்கள்

ஏற்காட்டில் காபி எஸ்டேட் வேலைக்குப் போகும் குடும்பம். மூன்று மாதம் முழுகாமல் இருந்த மருமகளை பஸ்ஸில் சேலத்துக்கு அழைத்து வந்திருந்தார் மாமியார். ரத்தப் பரிசோதனையில் அந்தப் பெண் அரிவாள் செல் கேரியர் என்று தெரிந்தது. நான் சொல்லி முடிப்பதற்குள் மாமியார் கேட்டுவிட்டார்: "அப்போ இந்தப் புள்ளைக்குக் கெட்ட ரத்தமுங்களா, டாக்டரம்மா?" மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

கெட்ட ரத்தம் இல்லவே இல்லை. இது ஒரு மரபணுவில் உள்ள மாற்றம். அந்த மரபணு அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என ஜோடியாக வருவது. ஒன்று மட்டும் மாறியிருந்தால் அவர் கேரியர், நோயாளி அல்ல. இரண்டும் மாறியிருந்தால்தான் நோய். அப்போது சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்து சிறு ரத்தக்குழாய்களை அடைக்கும். தாங்க முடியாத வலி வரும்.

இவ்வளவு கொடிய மாற்றம் ஏன் அழிந்துபோகவில்லை? மலேரியாதான் காரணம். மலேரியா மிகுந்த இடங்களில் இந்த மரபணுவும் மிகுந்திருப்பதையும், இது உள்ள குழந்தைகளுக்குக் கிருமித்தொற்று குறைவாக இருப்பதையும் 1954-இல் அந்தோணி அல்லிசன் என்ற மருத்துவ ஆய்வாளர் கிழக்கு ஆப்பிரிக்காவில் காட்டினார். மலேரியாக் கிருமி சிவப்பணுவுக்குள் புகுந்துதான் பெருகும். கேரியரின் சிவப்பணுவில் கிருமி புகுந்ததும் அது வளைந்துவிடுகிறது. மண்ணீரல் அதைக் கிருமியோடு சேர்த்து அழித்துவிடுகிறது. உடலுக்குள் ஆக்ஸிஜன் குறைந்த இடங்களில் இந்தச் சிவப்பணுவில் கிருமியின் வளர்ச்சியும் தடைபடுகிறது. இப்படித்தான், காய்ச்சலில் மற்ற பிள்ளைகள் இறந்த ஊர்களில் கேரியர் பிள்ளைகள் பிழைத்து, வளர்ந்து, பிள்ளை பெற்றார்கள். நம் பக்கத்து நீலகிரிப் பழங்குடியினரிடம் இந்த மாற்றம் இருப்பது 1952-லேயே தெரிந்துவிட்டது.

ஆனால் ஒன்று. கேரியருக்கும் மலேரியா வரும். உயிரைப் பறிக்கும் அளவுக்கு முற்றுவதுதான் குறைவு. அரிவாள் செல் நோய் உள்ளவருக்கோ மலேரியா பெரும் ஆபத்து. மாடித் தண்ணீர்த் தொட்டியை எல்லோரும் மூடித்தான் வைக்க வேண்டும்.

இதே மாதிரி மலேரியாவோடு சேர்த்துப் பேசப்படுவது ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு. பெரும்பாலும் ஆண்களைப் பாதிக்கும். இது உள்ளவர்கள் மலேரியாவுக்கான பிரைமாகுயின் மாத்திரையைச் சாப்பிட்டால் சிவப்பணுக்கள் உடைந்து, சிறுநீர் வரக்காப்பி நிறத்தில் போகலாம். அப்படிப் போனால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்.

அந்த மாமியாரிடம் இதையெல்லாம் சொல்லிவிட்டு, மகனுக்கும் பரிசோதனை செய்யச் சொன்னேன். கணவன் மனைவி இருவரும் கேரியராக இருந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் குழந்தைக்கு நோய் வர நாலில் ஒரு வாய்ப்பு உண்டு. மகனுக்கு இல்லை என்று வந்தது. அந்த அம்மா அழுதே விட்டார்.

அப்புறம்தான் அந்தப் பெண் வாயைத் திறந்தாள். அவள் தம்பிக்குத் தாய்மாமன் மகளைப் பேசி வைத்திருக்கிறார்களாம். ஒரே வழியில் வந்த மரபணு இருவருக்கும் இருக்கலாம். தை மாதம் கல்யாணம். அடுத்த வாரமே தம்பியையும் அந்தப் பெண்ணையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு மலையிறங்கி வந்தாள்.