மாணவர் நகர வடிவமைப்புப் போட்டிகள்: கோடு போடுவதற்கு முன் படிக்க வேண்டிய விதிகள்

வடசென்னை வியாசர்பாடியில் கால்வாயோரத் தெரு ஒன்றை ஐந்து மாணவர்கள் நான்கு மாதம் அளந்தார்கள். மழைநீர் எங்கே தேங்குகிறது, பிள்ளைகள் எங்கே விளையாடுகிறார்கள், மீன் விற்கும் பெண்கள் எந்த மரத்தின் நிழலில் கூடையை இறக்குகிறார்கள் என்பதையெல்லாம் வீடுவீடாகக் கேட்டு வரைந்து வைத்தார்கள். அந்த வரைவு போட்டி நடுவர்களின் மேசைக்கே போகவில்லை. குழுவில் இருந்த சமூகப்பணி மாணவி பக்கத்துக் கட்டடத்துக் கல்லூரியைச் சேர்ந்தவர். இரண்டு கல்லூரிகளுக்கும் நிர்வாகம் ஒன்று, நுழைவாயில் ஒன்று, உணவகமும் ஒன்று. கல்லூரி எண் மட்டும் வேறு. 'ஒரே கல்வி நிறுவனம்' என்று விதியில் ஒரு வரி இருந்ததால் குழு முழுவதும் தகுதிநீக்கம் செய்யப்பட்டது. கடிதத்தை என்னிடம் காட்டிய அந்த மாணவி, "இதை முதல் நாளே யாராவது சொல்லியிருக்கக் கூடாதா சார்?" என்று கேட்டார். அதைச் சொல்வதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு தெருவையோ குடியிருப்பையோ பழைய சந்தையையோ எப்படிச் சீரமைக்கலாம் என்று கட்டடக்கலை, பொறியியல், பொருளியல், சமூகப்பணி மாணவர்கள் சேர்ந்து திட்டம் தருவதுதான் இப்போட்டிகளின் அடிப்படை. வட அமெரிக்கக் கல்லூரிகளுக்காக 2003 முதல் அர்பன் லேண்ட் இன்ஸ்டிடியூட் என்ற நகர வளர்ச்சி அமைப்பு நடத்திவரும் ஹைன்ஸ் மாணவர் போட்டி இதற்கு நன்கு அறியப்பட்ட முன்மாதிரி. நம் நாட்டில் மத்தியக் கல்வி அமைச்சகமும் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவும் 2017 முதல் நடத்தும் ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான் என்னும் தீர்வு தேடும் போட்டியில் போக்குவரத்து, தூய்மை, பேரிடர் மேலாண்மை போன்ற நகரச் சிக்கல்கள் வருகின்றன. கட்டடக்கலை மாணவர்களுக்கு 'நாசா இந்தியா' எனப்படும் தேசிய மாணவர் சங்கத்தின் போட்டிகள் உண்டு. இவை தவிர, அரசுத் துறைகளும் உள்ளாட்சி அமைப்புகளும் அவ்வப்போது தனித்தனியாகப் போட்டிகளை அறிவிக்கின்றன.

முதல் பொறி 'பல்துறை' என்ற சொல்லிலேயே இருக்கிறது. ஒரு போட்டியில் அது வெவ்வேறு பட்டப்படிப்பைக் குறிக்கும். இன்னொன்றில் ஒரே கல்லூரியின் வெவ்வேறு துறைகளைக் குறிக்கும். மற்றொன்றில் அது வெறும் பரிந்துரையாகவே இருக்கும். ஹைன்ஸ் போட்டியில் ஐந்து பேர் கொண்ட குழுவில் குறைந்தது மூன்று வெவ்வேறு பட்டப்படிப்புகள் இருக்க வேண்டும் என்பது விதி. பி.ஆர்க் படிக்கும் மூவரும் எம்.ஆர்க் படிக்கும் இருவரும் சேர்ந்தால் பல்துறைக் குழு ஆகிவிடும் என்று நம்பி நம் மாணவர்கள் பெயர் கொடுக்கிறார்கள். பெரும்பாலான நடுவர்கள் அதை ஒரே துறையாகத்தான் எண்ணுவார்கள். ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தானிலோ நிலைமை நேரெதிர். அங்கே ஆறு பேரும் ஒரே கல்லூரியாக இருக்க வேண்டும், அவர்களில் குறைந்தது ஒருவர் மாணவியாக இருக்க வேண்டும். பல துறைகளும் வேண்டும், கல்லூரியும் ஒன்றாக வேண்டும் என்றால், கட்டடக்கலை மட்டுமே கற்பிக்கும் கல்லூரியின் மாணவர் என்ன செய்வார் என்பதற்கு எந்த அறிவிப்பிலும் விடை இருப்பதில்லை. ஆகவே குழு சேர்ப்பதற்கு முன்பே, 'நிறுவனம்', 'துறை' ஆகிய இரண்டு சொற்களுக்கும் தாங்கள் கொள்ளும் பொருள் என்ன என்று அமைப்பாளருக்கு மின்னஞ்சலில் கேட்டு, பதிலை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் கிடைக்கும் "பரவாயில்லை, சேர்த்துக்கோங்க" என்ற பதில் தகுதிநீக்கக் கடிதத்துக்கு முன் செல்லாது.

மாணவி கட்டாயம் என்ற விதியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கடைசி நாளில் யாரோ ஒரு பெண்ணின் பெயரை எண்ணிக்கைக்காகச் சேர்த்துவிட்டு, அவருக்கு வேலையும் தராமல், கூட்டங்களுக்கும் அழைக்காமல் விடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அது அவருக்குச் செய்யும் அநீதி. அவர் நடுவில் விலகினால், பட்டியல் ஏறிய பிறகு ஆளை மாற்றுவது பெரும்பாடு என்பதால், குழுவே கவிழ்ந்துவிடவும் கூடும்.

அடுத்தது கல்லூரியின் கையெழுத்து. ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தானுக்கு மாணவர்கள் நேரடியாகப் போய்விட முடியாது. கல்லூரி முதலில் தனக்குள் ஒரு முன்போட்டியை நடத்தி, மாணவர்கள் 'ஸ்பாக்' என்று சொல்லும் ஒருங்கிணைப்பாளர் வழியாகத்தான் குழுக்களைப் பரிந்துரைக்க வேண்டும். ஒரு கல்லூரி எத்தனை குழுக்களை அனுப்பலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. உங்கள் கல்லூரியில் அந்த ஒருங்கிணைப்பாளர் யார், முன்போட்டி எப்போது என்று கல்வியாண்டின் முதல் மாதத்திலேயே கேளுங்கள். தேசிய அளவிலான கடைசித் தேதியைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள், கல்லூரிக்குள் வைத்த தேதி மூன்று வாரம் முன்பே முடிந்துபோனதை அறிவிப்புப் பலகையில் பார்த்துத் திரும்பியிருக்கிறார்கள். நாசா இந்தியாவிலும் கல்லூரி உறுப்பினராக இல்லாவிட்டால் மாணவரின் திறமைக்கு அங்கே இடமில்லை.

அரியர் வைத்திருப்பவர்களுக்குத் தடையில்லாச் சான்று தரமாட்டோம் என்று துறைத்தலைவர்கள் சொல்வது இன்னொரு வழக்கம். போட்டியின் விதியில் அப்படி ஒரு நிபந்தனை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால், விதிப்பக்கத்தின் அச்சுப்பிரதியை இணைத்து முதல்வருக்கு எழுத்தில் விண்ணப்பியுங்கள். வாய்மொழியாக மறுப்பவர்கள் எழுத்தில் மறுக்கத் தயங்குவார்கள்.

பெயர்ப் பிரச்சினை நம் மாநிலத்துக்கே உரியது. மதிப்பெண் பட்டியலில் ஒற்றை எழுத்து முன்னெழுத்து, ஆதாரில் தந்தையின் முழுப்பெயர், வங்கிக் கணக்கில் முன்னெழுத்து பெயருக்குப் பின்னால் என்று ஒரே ஆளுக்கு மூன்று பெயர்கள் இருக்கும். பதிவு செய்யும்போது யாரும் கேட்பதில்லை. பரிசுத்தொகை அனுப்பும்போது கேட்பார்கள். கல்லூரி தரும் போனஃபைட் சான்றில் ஆதாரில் உள்ளபடியே பெயரை எழுதித் தருமாறு முதலிலேயே கேட்டு வாங்குங்கள்.

இனி, சென்னையில் களப்பணி. மாணவர்களை அதிகம் அலைய வைப்பது இதுதான். ஒரே தெருவுக்குப் பல முதலாளிகள். பேருந்து ஓடும் சாலை மாநகராட்சியின் பேருந்து வழித்தடச் சாலைகள் துறையிடம் இருக்கும். உட்தெரு மண்டல அலுவலகத்திடம் இருக்கும். சில பெரிய சாலைகள் நெடுஞ்சாலைத் துறையுடையவை. மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது, அதன் பக்கத்திலேயே போகும் கழிவுநீர்க் குழாய் குடிநீர் வாரியத்துடையது, நடைபாதையை மறித்து நிற்கும் மின்பெட்டி மின் பகிர்மானக் கழகத்துடையது. கூவமும் பக்கிங்காம் கால்வாயும் நீர்வளத் துறையின் பொறுப்பில் உள்ளவை. அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால், 2021 வரை குடிசை மாற்று வாரியம் என்று அழைக்கப்பட்ட நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்திடம் போக வேண்டும். 'சென்னை மாநகராட்சி ஆணையர் அவர்களுக்கு' என்று ஒரே கடிதம் எழுதிவிட்டுக் காத்திருப்பவர்களுக்கு அதனால்தான் பதில் வருவதில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு மாணவி, ஒரு தெருவின் வடிகால் வரைபடத்தைப் பார்க்க அனுமதி கேட்டு ஓர் அலுவலகத்துக்கு ஐந்து முறை போனார். முதல் முறை துறைத்தலைவரின் கடிதம் போதாது, முதல்வரின் கடிதம் வேண்டும் என்றார்கள். இரண்டாம் முறை கடிதம் ஆங்கிலத்தில் இருக்கிறது, தமிழில் வேண்டும் என்றார்கள். மூன்றாம் முறை "ஐயா லீவு, திங்கக்கிழமை வாம்மா" என்றார்கள். திங்கட்கிழமை போனபோது ஐயா மாறுதலாகியிருந்தார்; புதிதாக வந்தவர், அப்படி ஒரு கடிதமே இங்கு இல்லை என்றார். ஐந்தாம் முறை மாணவி தன் கோப்பிலிருந்து எடுத்து நீட்டியது அந்தக் கடிதத்தின் இரண்டாம் பிரதியை. அதில் தபால் பிரிவின் ஊதா முத்திரையும் தேதியும் ஒரு சுருக்கொப்பமும் இருந்தன. அன்று மாலையே வரைபடத்தைக் காட்டினார்கள். எந்த அலுவலகமானாலும் கடிதத்தை இரண்டு பிரதிகளாகக் கொண்டுபோய், அதிகாரியின் இருக்கைக்கு நேராகப் போகாமல் தபால் பிரிவில் கொடுத்து, பிரதியில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அந்த முத்திரைதான் பின்னால் உங்களுக்காகப் பேசும்.

எல்லாவற்றுக்கும் அலைய வேண்டியதில்லை. நகர நில அளவைப் பதிவேட்டின் விவரங்கள் வருவாய்த் துறையின் இணையச் சேவைத் தளத்தில் கிடைக்கின்றன. சென்னைப் பெருநகருக்காக 2008-இல் நடைமுறைக்கு வந்த இரண்டாவது முழுமைத் திட்டத்தின் (மாஸ்டர் பிளான்) நிலப்பயன்பாட்டு வரைபடங்கள் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் தளத்தில் உள்ளன. இவற்றைப் பார்த்துவிட்டு, இல்லாததற்கு மட்டும் அலுவலகப் படி ஏறுங்கள். ட்ரோன் பறக்கவிடுவதற்கு முன் 2021-ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகளையும் வான்பரப்பு வரைபடத்தையும் பாருங்கள். விமான நிலையமும் பாதுகாப்புத் துறை நிலங்களும் உள்ள இந்த ஊரில் 'படிப்புக்காகத்தான்' என்ற விளக்கம் காவல் நிலையத்தில் எடுபடாது.

இப்போது மாணவர்கள் யாரும் படிக்காத பக்கம்: கடைசியில் பொடி எழுத்தில் வரும் உரிமை விதி. 'சமர்ப்பிக்கப்படும் அனைத்துப் படைப்புகளும் அமைப்பாளருக்கே சொந்தம்' என்று அங்கே இருக்கும். வென்றவர்களுடையது மட்டுமல்ல, தோற்றவர்களுடையதும் என்பதைக் கவனியுங்கள். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமையாளர் கையெழுத்திட்ட எழுத்து ஆவணம் இல்லாமல் பதிப்புரிமை கைமாறாது. காலம் குறிப்பிடப்படாவிட்டால் அந்த மாற்றம் ஐந்து ஆண்டுகளுக்குத்தான் செல்லும். எல்லை குறிப்பிடப்படாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் செல்லும். இவையெல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்ட பிறகும், அதே சட்டத்தின் 57-ஆம் பிரிவு, 'இதைப் படைத்தவர் நான்' என்று சொல்லும் உரிமையைப் படைத்தவரிடமே வைத்திருக்கிறது. எனவே உறுதிமொழிப் படிவத்தில் 'பயன்படுத்தும் உரிமை' என்று இருந்தால் கையெழுத்திடலாம். 'முழு உரிமை மாற்றம்' என்று இருந்தால், அது வென்ற படைப்புக்கு மட்டும்தானா என்று எழுத்தில் கேளுங்கள். ஐவர் சேர்ந்து வரைந்ததற்குக் குழுத் தலைவர் ஒருவர் மட்டும் கையெழுத்திட்டு மற்ற நால்வரின் உரிமையையும் எழுதிக் கொடுப்பது முறையல்ல. ஆரம்பத்திலேயே யார் எதை வரைந்தார், பரிசு எப்படிப் பிரியும் என்று ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்திடுங்கள். நண்பர்களுக்குள் எதற்கு என்று தோன்றும், நண்பர்களாகவே இருப்பதற்குத்தான்.

வென்றால் வேலையும் நமக்கே கிடைக்கும் என்று நம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மாணவர் போட்டிகளில் பெரும்பாலானவை எண்ணங்களைத் திரட்டுவதற்கானவை, கட்டுவதற்கானவை அல்ல. 1972-ஆம் ஆண்டின் கட்டடக் கலைஞர்கள் சட்டப்படி பதிவு பெறாதவர் 'ஆர்க்கிடெக்ட்' என்ற பெயரையே போட்டுக்கொள்ள முடியாது.

பரிசுத்தொகை பெரும்பாலும் குழுத் தலைவரின் கணக்குக்குத்தான் வரும். அவர் வைத்திருப்பது ஆவணங்கள் முழுமையாகத் தராமல் தொடங்கிய 'சிறு கணக்கு' என்றால், ஓராண்டில் அதில் வரவாகும் மொத்தத் தொகை 1 லட்சம் ரூபாயையும் இருப்பு 50,000 ரூபாயையும் தாண்டக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஒரு லட்சம் பரிசு வென்ற பையன் ஒருவனின் பணம் இப்படித்தான் திரும்பிப் போனது. அதை மறுபடி வரவழைக்க அவன் ஏழு மாதம் மின்னஞ்சல் எழுதிக்கொண்டிருந்தான். ஆதாரும் பான் அட்டையும் கொடுத்து, கணக்கை இப்போதே முழுக் கணக்காக மாற்றிக்கொள்ளுங்கள். வரி பிடித்தம் செய்தால் அதற்கான சான்றையும் கேட்டு வாங்குங்கள்.

மதிப்பீட்டில் ஐயம் இருந்தால், போட்டியை நடத்தியது அரசு அமைப்பாக இருக்கும்பட்சத்தில், தகவல் பெறும் உரிமைச் சட்டம் 2005-இன்கீழ் 10 ரூபாய்க் கட்டணத்தில் உங்கள் குழுவின் மதிப்பெண் தாளைக் கேட்கலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்ய வேண்டும். 'ஏன் எங்களைத் தேர்ந்தெடுக்கவில்லை' என்று கேட்டால் அது தகவல் அல்ல என்று திருப்பிவிடுவார்கள். 'மதிப்பெண் தாளின் நகல் வேண்டும்' என்று கேளுங்கள்.

இத்தனையும் மாணவருக்காகச் சொன்னவை. அளக்கப்பட்ட தெருவுக்கும் நாம் தர வேண்டியது ஒன்று இருக்கிறது. ஆண்டுக்கு ஆண்டு ஏதோ ஒரு கல்லூரி வந்து அளந்து, படமெடுத்து, கேள்வி கேட்டுவிட்டுப் போகிறது; பிறகு அந்த மக்கள் வரைபடத்தைக் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை. வீட்டுக்குள் படமெடுக்கும்போது அனுமதி கேளுங்கள். "அரசாங்கத்துல இருந்து வந்திருக்கீங்களா, வீடு இடிப்பாங்களா?" என்று கேட்டால், இது போட்டிக்கான படிப்பு மட்டுமே என்று தெளிவாகச் சொல்லுங்கள். மறுகுடியமர்வு என்று பெரும்பாக்கத்துக்கும் கண்ணகி நகருக்கும் போனவர்களின் உறவுகள் இன்னும் இதே தெருக்களில்தான் இருக்கிறார்கள்; அளவு நாடாவைக் கண்டால் அவர்கள் பதறுவதற்குக் காரணம் இருக்கிறது.

முடித்த வரைவைத் தமிழில் இரண்டு பக்கமாகச் சுருக்கி, தெருக்காரர்கள் வழியாகப் பகுதி சபையில், அதாவது வார்டின் ஒரு பகுதி மக்கள் கூடும் கூட்டத்தில், மனுவாகக் கொடுக்கலாம். வார்டுக் குழுக்களுக்கும் பகுதி சபைகளுக்கும் 2022-இல்தான் இங்கே விதிகள் வந்தன. அவ்வாண்டு நவம்பர் 1-ஆம் தேதி, உள்ளாட்சி நாளன்று, கூட்டங்கள் தொடங்கின. மனுவில் மாணவர் கையெழுத்திட்டுப் பயனில்லை. அந்தப் பகுதியில் வாக்குரிமை உள்ளவர் கையெழுத்திட வேண்டும். 'நமக்கு நாமே' திட்டத்தின்கீழ் செய்யலாமே என்று கூட்டத்தில் யாராவது சொல்வார்கள். அதற்குப் பணியின் செலவு மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் திரட்ட வேண்டும் என்பதை முன்பே தெருக்காரர்களிடம் சொல்லிவிடுங்கள். கூடைக்காரர்களும் கூலிக்காரர்களும் வாழும் தெருவுக்கு அது எளிதில் எட்டாத தொகை. மனு வார்டின் வழக்கமான நிதியிலிருந்தே செய்யுமாறு கேட்கட்டும்.

வியாசர்பாடிக் குழு போட்டியிலிருந்து நீக்கப்பட்ட பிறகு அதைத்தான் செய்தது. முழு வரைவையும் விட்டுவிட்டு, மரத்தடியில் ஒரு மேடையையும் அதன் பக்கத்தில் தண்ணீர் தேங்காமல் ஒரு வடிகால் திறப்பையும் மட்டும் கேட்டு எழுதிய மனுவில், மீன் விற்கும் பெண்கள் ஆறு பேர் கையெழுத்திட்டார்கள், ஒருவர் கைநாட்டு வைத்தார். கூட்டக் குறிப்பில் அது ஏறியிருக்கிறது. மதிப்பீடு தயாரானதா என்று கேட்டு, முத்திரை வாங்கிய பிரதியோடு, அந்தச் சமூகப்பணி மாணவி இந்த மாதமும் மண்டல அலுவலகத்துக்குப் போய்வந்தார்.